கை காட்டாத காமிராக்காரன்

ஆகாய விமானத்தில் உட்கார்ந்து சினிமா பிடிக்கிற தொழிலில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு: போட்டிக்கு ஆள் கிடையாது. பேச்சுத் துணைக்கும் ஆள் கிடையாது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

பெண்டாட்டி பிள்ளையை ஒரு ஊரில் விட்டுவிட்டு, வேறொரு ஊரில் ஓட்டல் சாம்பாரைக் குடித்துக் காலம் தள்ளுகிற அன்பர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கலாம், நடுவில் எங்கேயாவது ஊருக்கு பஸ் ஏறத் தோன்றினால் என்னைக் குற்றம் சொல்லாதீர்கள். மைசூரில் மகாராஜா காலத்தில், இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முன்பு நாலைந்து வருஷம் இந்த வேலை பார்த்தேன். அதற்குள் என் குடும்பம் என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம். யானை, ஐயங்கார், ராகிக் களி எல்லாம் வழியில் வருகிறவை.

தராசுப் பரீட்சை

எங்கள் முதலாளிக்கு மண்டி மொஹல்லாவில் பாக்கு மண்டி. பாக்கு அலுத்துப்போய் சினிமாவுக்கு வந்தார். புராணப் படம் எடுப்பார், அதற்கு முன்னால் ஓட்டுவதற்கென்று ஊர்க் காட்சிகளும் எடுப்பார். எங்கோ ஒரு வெள்ளைக்காரப் படத்தில் மேலேயிருந்து ஊரைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கும் அது வேண்டும். பொன்னப்பா என்கிற குடகுக்காரரிடம் இரண்டு பேர் உட்காருகிற சின்ன விமானம் ஒன்று இருந்தது. ஓட்டுகிறவருக்குப் பின் சீட்டு, சவாரிக்கு முன் சீட்டு. சவாரி வராத நாளில் எடை சரியாக இருக்க முன் சீட்டில் ஒரு மணல் மூட்டையைக் கட்டிவிடுவார். அந்த முன் சீட்டின் கதவைக் கழற்றி எறிந்தார்கள். கொல்லனைக் கூப்பிட்டு, காமிராவை வலது பக்கம் வெளியே நீட்டிப் பிடிக்க ஓர் இரும்புக் கை அடித்தார்கள். ஆள்தான் பாக்கி.

நான் அப்போது ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலையாயிருந்தேன். சொந்த ஊர் கொள்ளேகாலம். காமிரா தெரியுமா, வெளிச்சம் தெரியுமா என்று கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒன்றும் கேட்கவில்லை. மண்டிக்குள் கூட்டிப்போய்ப் பாக்கு நிறுக்கிற பெரிய தராசின் ஒரு தட்டில் என்னைக் காமிராவோடு உட்கார வைத்தார்கள். மறு தட்டில் மணல் மூட்டை. முள் நடுவில் நின்றது. முதலாளி தலையை ஆட்டினார், வேலை கிடைத்துவிட்டது. பொன்னப்பா மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவருக்குத் தெரிந்த கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "நோடு மாராயா, நீயும் மூட்டையும் ஒரே எடை. ஆனா மூட்டை வாந்தி எடுக்காது."

யானைக்கு என்ன ஆச்சு

அந்தக் காலத்துக் காமிராவைக் கையால் சுற்ற வேண்டும், நொடிக்கு இரண்டு சுற்று. கடிகாரம் பார்த்துச் சுற்ற முடியுமா? ஆளுக்கு ஒரு பாட்டு வைத்திருப்போம், அதை முணுமுணுத்துக்கொண்டே சுற்றுவோம். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மண்டிக்குப் பின்சந்தில் மாடி அறையில் குடித்தனம். என் மனைவி மரகதம் மாவாட்டும்போது ஒரு கும்மிப் பாட்டு முணுமுணுப்பாள். அது என் கைக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தியது. அதையே தொழில் பாட்டாக வைத்துக்கொண்டேன். அவளிடம் சொன்னபோது வெட்கப்பட்டு, இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு மாவாட்டினாள்.

முதல் தசரா ஊர்வலத்தை மேலேயிருந்து எடுத்தோம். அரண்மனையிலிருந்து பன்னி மண்டபம் வரைக்கும் ஜனம், யானை, குதிரை, பாண்டு வாத்தியம். நான் பாட்டை ஆரம்பித்தேன். எஞ்சின் போட்ட சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாட்டு எப்போது நின்றது, கை எப்போது எஞ்சினோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தது, ஒன்றும் தெரியாது. காமிராவை வேகமாகச் சுற்றினால் திரையில் எல்லாம் மெதுவாகப் போகும். அது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுருளைக் கழுவித் திரையில் போட்டுப் பார்த்தால் யானைகள் ஒரு காலைத் தூக்கி, யோசித்து, அப்புறம் வைக்கின்றன. குதிரைகள் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி நடக்கின்றன. முதலாளி கடைசி வரைக்கும் பார்த்தார். விளக்கைப் போட்டதும் என் பக்கம் திரும்பினார்: "ஏன்ப்பா, யானைக்கெல்லாம் கஞ்சா குடுத்துட்டாங்களா? ஹோகலி, போகட்டும் விடு, அடுத்த வருஷமும் தசரா வரும்."

ராகிக் கொல்லை

மரகதத்துக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. எங்கள் விமானம் நஞ்சன்கூடு ரோட்டுப் பக்கத்துப் புல்தரையிலிருந்து கிளம்பி மண்டி மொஹல்லாவுக்கு மேலேதான் போகும். சத்தம் கேட்டதும் மொட்டை மாடிக்கு ஓடுவாள். திரும்பி வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்புப் பற்ற வைப்பாள். நான் சிரிப்பேன். சாப்பாடு தாமதமானால் கோபித்துக்கொள்வேன். அப்போது நான் அப்படித்தான்.

ஒருநாள் கண்ணம்பாடி அணையை எடுத்துவிட்டுத் திரும்பும்போது எஞ்சின் இருமியது, அப்புறம் நின்றது. பொன்னப்பா கெட்டிக்காரர், அறுப்பு முடிந்த ஒரு ராகிக் கொல்லையில் பூப்போல இறக்கிவிட்டார். ஊரே கூடிவிட்டது. கொல்லைக்காரர் எஞ்சினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். காற்றில் நகரக்கூடாது என்று மாட்டுக் கயிற்றால் விமானத்தை முளையடித்துக் கட்டினார். எங்களுக்கு ராகிக் களியும் அவரைக்காய்ச் சாறும் போட்டார். ரிப்பேர் முடிய மறுநாள் மதியம் ஆகிவிட்டது. இறங்கிய அன்று சாயங்காலமே மைசூருக்கு ஒரு பஸ் போயிற்று. அதில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். நானோ, விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு பசு நின்று அதன் இறக்கையை நக்குவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நல்ல படம் எனக்கு வாழ்நாளில் அமைந்ததில்லை.

மறுநாள் வீட்டுக்குப் போனேன். மரகதம் மாடியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது ஆறாவது மாதம். அடுப்பில் முந்தாநாள் சாம்பல் அப்படியே கிடந்தது. பசுவின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், அழவில்லை. பிரசவத்துக்கென்று ஒன்பதாவது மாதம் போக வேண்டியவள், அந்த வாரமே கௌதள்ளிக்குத் தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னாள்: "ஏனுங்க, அந்தச் சத்தம் போனா திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு மூச்சு வர்றதில்லீங்க. நீங்க கீழ எறங்கிட்டேன்னு சொல்லியனுப்புங்க, அன்னைக்கே வந்தர்றேன்."

தலையணை

பெண் குழந்தை பிறந்தது. பெயர் தாயம்மா. போய்ப் பார்த்தேன், என் மூக்கு. "இந்தப் படத்தோட விட்டுடறேன்" என்று மரகதத்திடம் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த படம் வந்தபோது "இதுதான் கடைசி" என்று கடுதாசி எழுதினேன். அதற்கடுத்த படத்துக்கும் எழுதினேன். ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். வேறு வேலை கிடைக்கவில்லை என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பழைய ஸ்டூடியோக்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். எனக்கு மேலே இருக்கப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். கீழே நான் பத்தோடு பதினொன்று, மேலே நான் ஒருத்தன்தான்.

ஒருத்தன் என்றால் நிஜமாகவே ஒருத்தன். பொன்னப்பா என் முதுகுக்குப் பின்னால் இருப்பார், முகம் தெரியாது. சத்தத்தில் பேச முடியாது. அவர் மணிக்கட்டில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி நுனியை என் காலில் கட்டிக்கொள்வேன். ஒருமுறை இழுத்தால் சாய்க்க வேண்டும், இரண்டு முறை இழுத்தால் இன்னொரு சுற்று, மூன்று முறை என்றால் இறங்கலாம். சில நாள் இரண்டு மணி நேரம் அந்த மூன்று சமாசாரம்தான் பேச்சு. அப்புறம் இறங்கி வந்து ஓட்டலில் "ஒரு சாப்பாடு" என்றால், அன்றைக்கு நான் வாய் திறந்து பேசியது அதோடு சரி.

படம் நடுங்குகிறது என்று முதலாளி குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். காமிராவுக்கு அடியில் சைக்கிள் டியூப் சுற்றிப் பார்த்தோம். தேங்காய் நார் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் அறையில் கிடந்த இலவம்பஞ்சுத் தலையணையைக் கொண்டுபோய் மடித்துக் கட்டினேன். நடுக்கம் நின்றுவிட்டது. அது மரகதத்தின் தலையணை. பெட்ரோல் நாற்றத்துக்கு நடுவே, திடீரென்று அவள் தலைக்குத் தடவுகிற எண்ணெய் வாசனை வரும். அப்போது கண்ணைத் துடைக்கக்கூட முடியாது, இரண்டு கையும் காமிராவில் இருக்கும். தலையணை யாருடையது என்று பொன்னப்பா ஒருநாள் கேட்டார், சொன்னேன். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "மாராயா, ஹெண்டதி வரலைன்னு அவ தலையணையைக் கூட்டிட்டுச் சுத்தற. நாளைக்கே போய் அவளைக் கூட்டிட்டு வா, படம் ஆடினா ஆடட்டும்."

கருடன் பார்வை

முதலாளியின் புராணப் படத்தில் பெருமாள் கருடன்மேல் ஏறி வருகிறார். கருடன் கண்ணுக்குப் பூமி எப்படித் தெரியும் என்று காட்ட வேண்டும். மேல்கோட்டை மலையைச் சுற்றி எடுத்தோம். குளம், படிக்கட்டு, கோபுரம், ஜனங்களின் தலைகள். எங்கள் தொழிலில் தலைதான் தெரியும். யார் வழுக்கை, யார் குடுமி, யார் கொண்டையில் பூ வைத்திருக்கிறாள், எல்லாம் சொல்வேன். முகம் மட்டும் கேட்காதீர்கள்.

கோயில்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மனசு உறுத்தியது. அடுத்த வாரம் பஸ் பிடித்து மேல்கோட்டைக்குப் போனேன். ஒரு வயசான ஐயங்கார் சுவாமி குளத்துப் படியில் வேஷ்டியை உலர்த்திக்கொண்டிருந்தார். நான்தான் அந்த விமானத்தில் வந்தவன் என்றேன். கோபிப்பார் என்று பார்த்தேன், அவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஊர், பேர், சாப்பாடு எல்லாம் விசாரித்தார். ஆத்துக்காரி எங்கே என்றார். மூன்று வருஷமாகத் தாய் வீட்டில் என்றேன். குழந்தையாவது பேசுமோ என்றார். பேசுகிறதாம், கேள்விப்பட்டதுதான் என்றேன். வேஷ்டியை மறுபுறம் திருப்பிப் பிடித்தார். அப்புறம் கேட்டார்: "நாங்கள்ளாம் பெருமாளைக் கீழேர்ந்து அண்ணாந்து சேவிக்கறோம். நீர் அவ்வளவு மேலேர்ந்து பாத்தீரே, ஏதாவது கிட்டக்க வந்துதோ?"

கௌதள்ளிக்கு மேலே

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பொன்னப்பாவிடம் கெஞ்சினேன். மாதேஸ்வரன் மலைக் காட்டைப் படமெடுக்க எப்படியும் போக வேண்டியிருந்தது, கௌதள்ளி அந்த வழிதான். ஒரே ஒரு சுற்று, தாழப் பறந்து காட்டுங்கள் என்றேன். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று மரகதத்துக்குக் கடுதாசி போட்டேன். குழந்தையை வெளியே கொண்டு வந்து நிற்கச் சொன்னேன். "முன் சீட்டில் இருப்பது நான்" என்று அடிக்கோடு போட்டு எழுதினேன்.

போனோம். பொன்னப்பா பனைமர உயரத்துக்கு இறக்கிவிட்டார். வீடு தெரிந்தது, களம் தெரிந்தது, ஊர்ஜனம் முழுக்க வெளியே நின்றது. மஞ்சள் சேலை ஒன்று, இடுப்பில் குழந்தை. நான் என்ன செய்தேன் தெரியுமா? படம் பிடித்தேன். வலது கை காமிராவைச் சுற்றுகிறது, இடது கை திருப்புகிறது, கண் துளையில் இருக்கிறது. படச் சட்டத்துக்குள் அவர்கள் வந்தபோது வெளிச்சம் சரியா, இறக்கை குறுக்கே விழுகிறதா என்றுதான் பார்த்தேன். கயிற்றை இரண்டு முறை இழுத்தேன், இன்னொரு சுற்று வந்தோம். அதையும் பிடித்தேன். நல்ல படம் கிடைத்த சந்தோஷத்தில் மைசூர் வந்து சேர்ந்தேன்.

கழுவித் திரையில் போட்டுப் பார்த்தேன், தனியாகத்தான். முதல் சுற்றில் மரகதம் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டுகிறாள். குழந்தை அப்புறம் தானாகவே ஆட்டுகிறது. மரகதமும் ஆட்டுகிறாள். வாழ்க்கையில் முதல்முறையாக மேலேயிருந்து முகங்களைப் பிடித்திருந்தேன், எல்லாம் என்னைப் பார்த்து நிமிர்ந்த முகங்கள். இரண்டாவது சுற்றில் ஊர்ஜனம் கை ஆட்டுகிறது, குழந்தை ஆட்டுகிறது, மரகதம் கையை இறக்கிவிட்டாள். விமானம் தாண்டுவதற்குள் திரும்பி வீட்டுக்குள் போகிறாள். அப்போதுதான் உறைத்தது. ஐயோ, நான் கை காட்டவே இல்லையே. அந்தச் சுருளை எத்தனை தடவை போட்டேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளேதான் போனாள். நாலு நாள் கழித்து அவள் கடுதாசி வந்தது, நடுவில் இப்படி எழுதியிருந்தாள்: "பின்னால இருந்த மனுசன் யாருன்னே தெரியாது, அவரு கை காட்டுனாரு. முன்னால இருந்தது அப்பன்னு புள்ளைகிட்டச் சொல்லிட்டேன், அப்பனுக்குக் கையில்லையான்னு கேக்கறா."

கீழே இறங்கியது

சண்டை வந்தது. சர்க்கார் சின்ன விமானங்களையெல்லாம் எடுத்துக்கொண்டது. பொன்னப்பா, பட்டாளத்துப் பையன்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்க வடக்கே போய்விட்டார். போகும்போது என் தோளைத் தட்டினார். முதலாளி பாக்குக்கே திரும்பிவிட்டார். எனக்கு வேலை போயிற்று. ஆனால் நம்புங்கள், அன்றைக்கு நான் குதித்துக்கொண்டு அறைக்குப் போனேன். கீழே இறங்கியாயிற்று. அவள் சொன்ன ஒரே நிபந்தனை அதுதானே. அறையைக் கூட்டினேன், சுண்ணாம்பு அடித்தேன், புதிதாக ஒரு பாய் வாங்கினேன். பழைய ஸ்டூடியோவில் போய் வேலையும் கேட்டு வைத்தேன்.

பெட்ரோல் இல்லாத காலம், பஸ் கரியில் ஓடியது. கொள்ளேகாலம் தாண்டியதும் ஏற்றத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: "வேலையை விட்டுட்டேன் மரகதம், கிளம்பு." போனபோது அவள் களத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். தாயம்மா அவள் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். நான் வாக்கியத்தைச் சொன்னேன். மரகதம் கடலையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. "நெசமாலுமா? நீங்களாவே வுட்டீங்களா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. மூன்று தடவை 'கடைசி' என்று பொய் சொன்னவன் நான். நாலாவதாகவும் ஒன்றைச் சொல்லித்தான் இவளைக் கூட்டிப்போக வேண்டுமா என்று தோன்றியது. யோக்கியனாக இருக்க அந்த நாளைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். "சர்க்கார் விமானத்தை எடுத்துக்கிட்டாங்க" என்றேன். அவள் மறுபடியும் கடலையை எடுத்து உடைக்க ஆரம்பித்தாள். "அப்ப நீங்க எறங்கலீங்க. எறக்கி வுட்டுட்டாங்க. நாளைக்குக் கூப்பிட்டா ஏறிக்குவீங்க" என்றாள். மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கலாம், செய்யவில்லை. ஏறத்தான் ஏறுவேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சோறு போட்டாள். குழந்தைக்குக் கொண்டுபோன மைசூர்பாகை வாங்கி உள்ளே வைத்தாள். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். தாயம்மாவைத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தாள். பஸ் நகர்ந்தபோது இந்தத் தடவை நான் கை காட்டினேன், இரண்டு கையாலும். குழந்தை பதிலுக்குக் காட்டவில்லை, வெட்கம் போலிருக்கிறது. மரகதம் பஸ்ஸோடு நாலு எட்டு நடந்து வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நானா வுட்டேன்னு ஒரு பொய்யாச்சும் சொல்லியிருக்கலாமுங்க. கெளம்பி வந்திருப்பேன்."

ஆக, ஊர் மொத்தத்தையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கிய நான், இப்போது மண்டி மொஹல்லா ஸ்டூடியோவில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் அவர் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள்" என்று அடுத்தவர் பெண்டாட்டிகளிடம் தினம் பத்துத் தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.